வெப் சர்வர் லாக் பல ஜிபி ஆயிருச்சு, தேட முடியல: எந்த அறிகுறிக்கு எந்த டூல்

"டெய்லி 5 ஜிபி லாக் வருது, எந்த டூல் போடலாம்?"னு தான் பெரும்பாலும் கேள்வி வருது. லாக்னா சைட்டுக்கு வர்ற ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டையும் சர்வர் ஒரு வரியா எழுதி வைக்கிற ஃபைல். அதுக்கு முன்னாடி நான் திருப்பிக் கேக்குறது, இப்ப என்ன மாட்டிக்கிச்சுன்னு. ஃபைலே தொறக்கலையா, தேடுறது முடியலையா, தேடி முடிச்சும் ஒண்ணும் கெடைக்கலையா, கணக்கு தப்பா வருதா? ஒவ்வொண்ணுக்கும் வேற வேற மருந்து, அதுல பாதிக்கு மேல சர்வர்ல ஏற்கனவே கெடக்குற கமாண்டே போதும், காசு செலவு பண்ணி தனி சர்வர் எடுத்து எலாஸ்டிக்சர்ச் (லாக் மாதிரி டேட்டாவைத் தேடுற பெரிய சாஃப்ட்வேர்) நிறுவுறது வரிசையில கடைசியா வரவேண்டிய வேலை, ஆனா நிறைய பேர் அங்க இருந்து தான் ஆரம்பிக்கிறாங்க.

கீழ இருக்குறது எஞ்சின்எக்ஸ், அப்பாச்சிங்குற ரெண்டு வெப் சர்வருக்கும், உபுண்டு இல்ல டெபியன் லினக்ஸ் ஓடுற மெஷினை மனசுல வச்சு எழுதினது. ஒவ்வொரு அறிகுறிக்கும் சுலபமான காரணம் மொதல்ல, செலவு வைக்கிறது கடைசில.

அறிகுறி: ஃபைலை தொறந்தாலே டெர்மினல் உறைஞ்சு போகுது

விம், நானோ, விண்டோஸ் பக்கம்னா நோட்பேட் மாதிரி எடிட்டர்ல தொறந்திருப்பீங்க. எடிட்டர்னா பொதுவா மொத்த ஃபைலையும் மெமரிக்கு இழுக்கப் பாக்கும், 2 ஜிபி ரேம் இருக்குற சர்வர்ல 6 ஜிபி ஃபைலை தொறந்தா சைட்டே படுத்துடும். லெஸ் கமாண்ட்ல தொறங்க, அது ஸ்க்ரீன்ல காட்டவேண்டிய அளவு தான் படிக்கும்.

லெஸ்லயும் கேபிடல் ஜி அடிச்சு கடைசிக்குப் போனா அப்படியே நிக்குதா? அது வரி நம்பரை எண்ணிட்டு இருக்கு. கன்ட்ரோல் சி ஒரு தடவ அடிச்சா எண்ணுறதை விட்டுடும், இல்லன்னா ஆரம்பத்துலயே மைனஸ் சின்ன என் போட்டு தொறக்கலாம். நீளமான வரி மடிஞ்சு மடிஞ்சு கண்ணைக் குழப்பினா மைனஸ் கேபிடல் எஸ்.

கடைசி கொஞ்ச நேரம் மட்டும் போதும்னா டெய்ல் கமாண்ட் போதும். லைவா பாக்குறீங்கன்னா சின்ன எஃப் வேண்டாம், கேபிடல் எஃப் போடுங்க, ராத்திரி லாக் ரொட்டேட் ஆகி (பழைய ஃபைல் பேர் மாறி ஒதுங்கி) புது ஃபைல் வரும்போது சின்ன எஃப் பழைய ஃபைலையே புடிச்சுட்டு உக்காந்துரும், நீங்க ட்ராஃபிக்கே இல்லன்னு நெனச்சுப்பீங்க.

அறிகுறி: கிரெப் (ஃபைலுக்குள்ள தேடுற கமாண்ட்) போட்டா முடியவே மாட்டேங்குது

மொதல்ல இன்னொரு டெர்மினல்ல டாப் கமாண்ட் போட்டுப் பாருங்க. இங்க மூணு கிளை பிரியும்.

*சிபியு 100-ல நிக்குது.* அப்ப தேடுற பேட்டர்ன் தான் பாரம். நீங்க தேடுறது வெறும் ஒரு ஐபி இல்ல ஒரு பாத்னா ரெகெக்ஸே (குறியீடு வச்சு தேடுற முறை) தேவையில்ல, மைனஸ் கேபிடல் எஃப் போட்டா எழுத்துக்கு எழுத்து அப்படியே தேடும். இன்னொரு நல்லதும் இருக்கு, ஐபில வர்ற புள்ளி ரெகெக்ஸ்ல "எந்த எழுத்தா இருந்தாலும் சரி"ங்குற அர்த்தம், அதனால சம்பந்தமே இல்லாத வரியும் வரும், கேபிடல் எஃப் போட்டா அந்தத் தொல்லை இல்ல. மைனஸ் ஐ போட்டிருந்தா எடுத்துடுங்க, பெரிய எழுத்து சின்ன எழுத்து ரெண்டையும் பாக்குறது மெதுவா தான் நடக்கும். லொக்கேலை (மொழி, எழுத்து செட்டிங்) சி-ன்னு மாத்தி ஓட்டுறது பழைய கிரெப்ல பெரிய வித்தியாசம் காட்டும், புதுசுல கொஞ்சம் தான். இதெல்லாம் பண்ணியும் பத்தலன்னா ரிப்கிரெப் போடுங்க, ரஸ்ட்ல எழுதினது, 2016-ல வந்தது, கிரெப் தெரிஞ்சவங்களுக்கு புதுசா கத்துக்க ஒண்ணும் இல்ல.

*சிபியு சும்மா இருக்கு, வெயிட் பர்சன்ட் (டிஸ்க்குக்காக காத்திருக்குற நேரம்) மட்டும் ஏறி நிக்குது.* டிஸ்க் படிச்சு முடிக்கல. எந்த டூல் மாத்தினாலும் வேகம் வராது. தேடவேண்டிய ஃபைலை கொறைக்கிறது தான் வழி, 14 நாள் ஃபைலையும் ஸ்டார் போட்டுத் தேடாம சம்பவம் நடந்த நாளோட ஃபைலை மட்டும் எடுங்க. இது லைவ் சைட் ஓடுற சர்வரா இருந்தா அங்க வச்சு தேடவே வேண்டாம்னு தான் சொல்லுவேன், சுருக்கின ஃபைலை வேற மெஷினுக்கு காப்பி பண்ணி அங்க வச்சு என்ன வேணா பண்ணுங்க. வேற மெஷினே இல்லன்னா நைஸ், ஐயோநைஸ் (சிபியு, டிஸ்க் வரிசைல நம்ம வேலையை பின்னுக்கு தள்ளுற கமாண்டுங்க) ரெண்டையும் முன்னாடி போட்டு ஓட்டுங்க, கஸ்டமருக்கு பேஜ் போறது தான் மொதல் வேலை, நம்ம தேடல் ரெண்டாவது.

*சிபியுவும் இல்ல, டிஸ்க்கும் இல்ல, ஆனா கிரெப் அப்படியே தொங்குது.* டாக்கர் கன்டெய்னருக்குள்ள (ஆப்பை தனியா பிரிச்சு ஓட்டுற பெட்டி) போய் தேடுறீங்களான்னு பாருங்க. எஞ்சின்எக்ஸோட அஃபீஷியல் இமேஜ்ல ஆக்சஸ் லாக்னு இருக்குறது உண்மையான ஃபைலே இல்ல, ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்குப் போற ஒரு லிங்க். அதை கிரெப் பண்ணினா வராத ஒண்ணுக்காக காத்துட்டே இருக்கும். வெளிய வந்து டாக்கர் லாக்ஸ் கமாண்டை பைப் பண்ணி தேடணும். அப்படியே இன்னொண்ணும் பாத்துடுங்க, டாக்கரோட டிஃபால்ட் ஜேசான் ஃபைல் ட்ரைவர் தானா லாகை ரொட்டேட் பண்ணாது, மேக்ஸ் சைஸ் வைக்காம விட்டா அந்த ஒரே ஃபைல் டிஸ்க் நிறையுற வரைக்கும் வளரும்.

ஜிஇசட்னு சுருக்கின ஃபைல்களா இருந்தா இசட்கிரெப் போடுங்க, விரிச்சு வச்சுட்டு தேடாதீங்க. ஒரு ஜிஇசட் ஃபைலை விரிக்கிற வேலை ஒரே ஒரு கோர்ல தான் நடக்கும், அதனால 14 ஃபைலை வரிசையா விட்டா மத்த கோர் எல்லாம் சும்மா உக்காந்திருக்கும். எக்ஸ்ஆர்க்ஸ் கமாண்ட்ல மைனஸ் கேபிடல் பி 4-ன்னு குடுத்து நாலு ஃபைலை ஒரே நேரத்துல விடுங்க, நாலு கோர் மெஷின்ல வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அறிகுறி: பிரச்சினை நடந்தது நிச்சயம், ஆனா லாக்ல தேடினா ஒண்ணுமே வரல

என்கிட்ட அதிகமா வர்றது இது தான், டூல் மேல பழி போட்டு டூல் மாத்துறதும் இங்க தான் நடக்குது. டூல் மாத்துறதுக்கு முன்னாடி இந்த ஒரு வரியை நல்லா பாருங்க:

203.0.113.45 - - [12/மார்/2025:04:31:07 +0000] "போஸ்ட் /செக்அவுட் எச்டிடிபி/1.1" 504 167 "-" "மொசில்லா/5.0"

கஸ்டமர் சொன்னது "காலைல 10 மணிக்கு பேமென்ட் பண்ணேன், போகல". நீங்க 10:00-ன்னு தேடுறீங்க, வரல. அந்த +0000-ஐ பாருங்க, சர்வர் யூடிசில ஓடுது, நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. அப்ப 04:30-ன்னு தேடணும். சரி, 04:30-ன்னு தேடினாலும் இந்த வரி வராது, ஏன்னா எஞ்சின்எக்ஸ் ரிக்வெஸ்ட் வந்த நேரத்தை எழுதுறதில்ல, அது முடிஞ்சு லாக் எழுதுற நேரத்தை தான் எழுதுது. பின்னாடி இருக்குற ஆப் பதில் சொல்லும்னு டிஃபால்ட்டா 60 செகண்ட் காத்திருந்து 504 (நேரத்துக்குள்ள பதில் வரலங்குற எரர் கோட்) குடுத்துருக்கு, அதனால கஸ்டமர் பட்டனை அமுக்கினது 04:30:07, வரி விழுந்தது 04:31:07. அப்பாச்சி இதுக்கு நேர் எதிர், ரிக்வெஸ்ட் வந்த நேரத்தைப் போடும், ஆனா வரி எழுதுறது முடிஞ்சப்புறம் தான், அதனால அப்பாச்சி லாக்ல நேரம் முன்ன பின்ன கலைஞ்சு இருக்கும், அது கோளாறு இல்ல. ரெண்டுக்குமே தேடும்போது முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு மூணு நிமிஷம் சேத்து எடுங்க.

நேரம் சரி, ஆனாலும் வரலன்னா, ஃபைல் ரொட்டேட் ஆகி நேத்தைய பேருக்கு மாறியிருக்கான்னு பாருங்க. டெபியன், உபுண்டுல மொத நாள் ஃபைல் சுருக்காம .1-ன்னு இருக்கும், ரெண்டாவது நாள்ல இருந்து தான் ஜிஇசட் ஆகும். .ஜிஇசட்னு மட்டும் ஸ்டார் போட்டு தேடுறவங்க அந்த .1 ஃபைலை விட்டுடுறாங்க, பெரும்பாலும் தேடுற சம்பவம் அதுல தான் இருக்கும்.

எரர் மெசேஜை எல்லாம் டெவ் நல்-க்கு (போட்டதெல்லாம் காணாம போற எடம்) தள்ளிட்டு தேடுறீங்கன்னா அதை எடுத்துட்டு ஒரு தடவ ஓட்டுங்க. பெர்மிஷன் டினைட்னு வந்துட்டு இருக்கும், உங்களுக்கு தெரியாம போயிருக்கும். உங்க யூசரை ஏடிஎம் (adm)-ங்குற குரூப்ல சேத்தா லாக் படிக்க ரூட் தேவையில்ல.

"பைனரி ஃபைல் மேட்சஸ்"னு ஒரு வரி வந்தா கவனம். லாக்ல எங்கயோ ஒரு நல் பைட் (எழுத்தே இல்லாத வெத்து பைட்) கலந்திருக்கு, ரொட்டேட் பண்றப்ப காப்பி பண்ணி காலி பண்ற முறை வச்சிருந்தா இது நடக்கும். கிரெப் அந்த எடத்தோட நின்னுடும், அதுக்கப்புறம் இருக்குற வரியை காட்டாது, அதை நீங்க எண்ணிட்டு இருந்தீங்கன்னா நம்பர் கம்மியா வரும், சந்தேகமே வராது. மைனஸ் ஏ போட்டா எல்லாத்தையும் எழுத்தாவே எடுத்துக்கும்.

இதுவும் இல்லன்னா அந்த ரிக்வெஸ்ட் உங்க சர்வருக்கே வந்திருக்காது. முன்னாடி சிடிஎன் (பேஜோட காப்பியை வச்சு குடுக்குற இடைச் சர்வர்) இருந்தா அது கேஷ்ல இருந்து குடுத்த எதுவும் உங்க லாக்ல இருக்காது, சிடிஎன்-ஓட லாக்ல தான் பாக்கணும். டெபியன் அப்பாச்சில தனி லாக் சொல்லாத சைட்டெல்லாம் அதர் விஹோஸ்ட்ஸ்-ங்குற வேற ஃபைல்ல விழும், அதையும் ஒரு தடவ பாத்துடுங்க.

அறிகுறி: எந்த ஐபி அதிகமா வருதுன்னு எண்ணினா டிஸ்க் நெறையுது, இல்ல நம்பர் கோக்குமாக்கா வருது

எல்லாருக்கும் மனப்பாடமா இருக்குற வழி, ஐபியை பிரிச்சு எடுத்து சார்ட் பண்ணி யூனிக் மைனஸ் சி போட்டு திரும்ப சார்ட். சின்ன ஃபைலுக்கு நல்லா வேலை செய்யும். பெரிய ஃபைல்னா சார்ட் மெமரி பத்தாம டெம்ப் ஃபோல்டர்ல துண்டு துண்டா எழுதும், டெம்ப் சின்ன பார்ட்டிஷன்னா நெறஞ்சு மத்த சர்வீஸும் விழும். மைனஸ் கேபிடல் டி குடுத்து எடம் இருக்குற ஃபோல்டரை காட்டலாம், ஆனா அதைவிட நல்லது மொத சார்ட்டையே தூக்கிட்டு ஆக் கமாண்ட்ல ஒரு அரே வச்சு எண்ணுறது. கோடி வரி இருந்தாலும் வேற வேற ஐபி சில லட்சம் தான் இருக்கும், அது மெமரில சுலபமா அடங்கும்.

ஸ்டேட்டஸ் கோட் (ரிக்வெஸ்ட் என்ன ஆச்சுன்னு சொல்ற நம்பர்) எண்ணும்போது 200, 404-க்கு நடுவுல "150", "எச்டிடிபி/1.1"-ன்னு சம்பந்தமில்லாதது வருதா? ஸ்பேஸ் வச்சு பிரிச்சா ஸ்டேட்டஸ் ஒம்பதாவது எடத்துல இருக்கும்ங்குறது ஒழுங்கான ரிக்வெஸ்ட்டுக்கு மட்டும் தான். ஸ்கேனர் பாட்டுங்க அனுப்புற குப்பை ரிக்வெஸ்ட்ல மெத்தட், பாத்னு எதுவும் இருக்காது, அப்ப ஸ்டேட்டஸ் ஏழாவது எடத்துக்கு நகர்ந்துடும். டபுள் கோட்டை வச்சு பிரிங்க, மூணாவது துண்டுல பெரும்பாலும் ஸ்டேட்டஸும் சைஸும் தான் இருக்கும். நிரந்தரமா சரி பண்ணனும்னா எஞ்சின்எக்ஸ்ல லாக் ஃபார்மட்டையே ஜேசானா (ஒவ்வொரு மதிப்புக்கும் பேர் போட்டு எழுதுற முறை) மாத்திடுங்க, 1.11.8 வெர்ஷன்ல இருந்தே எஸ்கேப் ஈக்வல் ஜேசான்னு ஒரு வசதி இருக்கு, கோட்டு கலந்த யூசர் ஏஜென்ட் வந்தாலும் உடையாது. அடுத்து எந்த டூலுக்கு போனாலும் இது கைகொடுக்கும்.

கமாண்டே வேண்டாம், பட்டியலும் கிராஃபும் பாத்தா போதும்னா கோஆக்சஸ் போடுங்க. சி-ல எழுதினது, டெர்மினல்லயே பாக்கலாம், எச்டிஎம்எல் ரிப்போர்ட்டாவும் எடுக்கலாம், டேட்டாபேஸ் எதுவும் வேண்டாம். ஒரே சர்வர் வச்சிருக்குற கடைக்கும் ஆஃபீஸுக்கும் இதுக்கு மேல தேவைப்படாதுங்குறது என் கருத்து.

*கோஆக்சஸ்ல எல்லா வரியும் ஃபெயில்டுனு காட்டுதா?* லாக் ஃபார்மட் பொருந்தல. வரியோட ஆரம்பத்துல ஐபிக்கு முன்னாடி டொமைன் பேர் இருந்தா விஹோஸ்ட் வகை ஃபார்மட் தேர்ந்தெடுக்கணும், கடைசில நீங்களா ஏதாவது சேத்திருந்தா அதையும் ஃபார்மட்ல சொல்லணும். ஒரே ஒரு வரியை தனி ஃபைல்ல போட்டு அதை வச்சு சரி பண்ணுங்க, முழு ஃபைலை வச்சு திரும்பத் திரும்ப முயற்சி பண்ணாதீங்க.

*டெய்லி மொத்தத்தையும் மொதல்ல இருந்து படிக்குதா?* 1.4-ல இருந்து பெர்சிஸ்ட், ரீஸ்டோர்னு ரெண்டு ஆப்ஷன் இருக்கு, படிச்சதை வச்சுக்கிட்டு புதுசை மட்டும் சேக்கும்.

அறிகுறி: எல்லா வரிலயும் ஒரே ஐபி

முன்னாடி நின்னு ரிக்வெஸ்ட்டை பிரிச்சு அனுப்புற லோட் பேலன்சரோட ஐபியோ, சிடிஎன்-ஓட ஐபியோ தான் அது. எஞ்சின்எக்ஸ்ல ரியல் ஐபி மாட்யூலை செட் பண்ணுங்க, எந்த முகவரில இருந்து வர்ற ஹெடரை நம்பலாம்னு அதுல சொல்லணும், எல்லாத்தையும் நம்புன்னு விட்டா யார் வேணா பொய் ஐபி எழுதிட்டு போவாங்க. பழைய லாக்ல தொலைஞ்சது தொலைஞ்சது தான், எந்த டூலும் கொண்டு வராது.

அறிகுறி: சைட் ஸ்லோ, ஆனா லாக்ல ஸ்லோவுக்கு தடயமே இல்ல

டிஃபால்ட் கம்பைன்டு ஃபார்மட்ல எவ்ளோ நேரம் ஆச்சுங்குறதே கெடையாது. எஞ்சின்எக்ஸ்ல ரிக்வெஸ்ட் டைம், அப்ஸ்ட்ரீம் (பின்னாடி இருக்குற ஆப்) ரெஸ்பான்ஸ் டைம் ரெண்டையும் ஃபார்மட்ல சேருங்க. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல பெருசா இருந்தா ஆப் பக்கமோ டேட்டாபேஸ் பக்கமோ போங்க, மொதலாவது மட்டும் பெருசா இருந்தா கஸ்டமரோட நெட் மெதுவா இருக்கு இல்ல பெரிய ஃபைல் எறங்குது. அப்பாச்சில பர்சன்ட் கேபிடல் டி, அது மைக்ரோசெகண்ட், எஞ்சின்எக்ஸ்ல செகண்ட், ரெண்டு லாகையும் சேத்து கணக்கு போடுறவங்க இதை மறந்துடாதீங்க.

499-ன்னு நிறைய வந்தா அது எஞ்சின்எக்ஸ் தானா வச்சுக்கிட்ட கோட், பதில் வர்றதுக்கு முன்னாடி ஆள் கெளம்பிட்டாங்கன்னு அர்த்தம். ஸ்லோ சைட்டுக்கு இதைவிட நேர்மையான சாட்சி லாக்ல வேற இல்ல.

அறிகுறி: கமாண்ட் எல்லாம் வேலை செய்யுது, ஆனா டெய்லி புதுப் புது கேள்வி, எழுதி மாளல

இப்ப தான் டூல் தேர்ந்தெடுக்குற கட்டம் வருது.

ஒரே மெஷின், ஒரே ஆள், எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேக்குற மொழி) தெரியும்னா டக்டிபி. சர்வரே கெடையாது, ஒரு ப்ரோக்ராம் மட்டும், ஜேசான் லாகை ஜிஇசட்டா இருக்கும்போதே படிக்கும், "போன வாரம் செக்அவுட்ல 5 செகண்டுக்கு மேல போனது மணி வாரியா எத்தன"ன்னு ஒரே க்வெரில கேட்டுடலாம். திரும்பத் திரும்ப கேக்குற லாகை பார்க்கே ஃபார்மட்டுக்கு மாத்தி வச்சா தேவையான நெடுவரிசையை மட்டும் படிக்கும், வேகம் ரொம்பவே மாறும். இந்த அளவுக்கு எஸ்க்யூஎல் போடத் தெரிஞ்சவங்களுக்கு இதை தான் நான் மொதல்ல சொல்லுவேன். லைவா பாத்துட்டே எஸ்க்யூஎல்லும் வேணும்னா எல்என்ஏவி இருக்கு, ஆனா அது ஃபைல் முழுக்க இன்டெக்ஸ் (தேட உதவுற அட்டவணை) பண்ணிட்டு தான் ஆரம்பிக்கும், ஒரு நாள் ஃபைலுக்கு அருமை, மாசக்கணக்குக்கு வேண்டாம்.

பல சர்வர், எல்லாம் ஒரே எடத்துல வேணும், ஆல்ரெடி கிராஃபானா (கிராஃப் காட்டுற டூல்) ஓடுதுன்னா லோகி. அது லாக் வரிக்குள்ள இருக்குறதை இன்டெக்ஸ் பண்றதில்ல, லேபிளை (சர்வர் பேர் மாதிரி மேல ஒட்டுற அடையாளம்) மட்டும் தான் பண்ணும், அதனால ஸ்டோரேஜ் செலவு கம்மி. நேரமும் சர்வர் பேரும் தெரிஞ்சு தேடினா நல்லா இருக்கும், "மூணு மாசத்துல இந்த ஐபி எங்கெல்லாம் வந்துச்சு"ன்னு கேட்டா திணறும்.

மூணு மாசம், ஆறு மாசத்துக்கு எண்ணி கூட்டி பாக்குறது தான் முக்கிய வேலைன்னா கிளிக்ஹவுஸ். யாண்டெக்ஸ் கம்பெனி தன்னோட வெப் ட்ராஃபிக் கணக்குக்காகவே எழுதி 2016-ல ஓப்பன் சோர்ஸா விட்டது, நம்ம வேலையும் அதே ஜாதி தான்.

வரிக்குள்ள இருக்குற எந்த வார்த்தையையும் உடனே தேடணும், பல டீம் ஸ்க்ரீன்ல பாக்கணும், பெர்மிஷன் பிரிச்சு குடுக்கணும்னா தான் எலாஸ்டிக்சர்ச், இல்ல 2021-ல லைசென்ஸ் மாத்தினதும் அதுல இருந்து பிரிஞ்சு வந்த ஓப்பன்சர்ச். ரேம், டிஸ்க், அதை பாத்துக்க ஒரு ஆள், மூணும் பட்ஜெட்ல இருந்தா மட்டும் போங்க.

அறிகுறி: பெரிய டூல் போட்டாச்சு, இப்ப அதுவே படுக்குது

எலாஸ்டிக்சர்ச்ல திடீர்னு புது லாக் வர்றது நின்னுச்சுன்னா மொதல்ல டிஸ்க்கை பாருங்க. டிஃபால்ட்டா 95 சதவீதம் தாண்டினா இன்டெக்ஸை ரீட் ஒன்லி ஆக்கிடும். பழைய இன்டெக்ஸை அழிச்சு எடம் பண்ணுங்க, 7.4-க்கு அப்புறம் தானா தெறந்துக்கும், பழைய வெர்ஷன்ல நீங்க தான் அந்த பிளாக்கை எடுக்கணும். க்வெரி போட்டா நோடே விழுதுன்னா ஹீப் (அதுக்கு ஒதுக்கின மெமரி) பாருங்க, மெஷின் ரேம்ல பாதிக்கு மேல குடுக்கக்கூடாது.

லோகி விழுதுன்னா லேபிளை பாருங்க. யாராவது ஐபியை, யூஆர்எல்லை லேபிளா போட்டிருப்பாங்க, ஒவ்வொரு ஐபிக்கும் ஒரு தனி ஸ்ட்ரீம் உருவாகி இன்டெக்ஸ் ஊதிடும். சர்வர் பேர், சைட் பேர், ஆக்சஸா எரரா, இவ்ளோ லேபிள் போதும்.

லாக் சர்வர்ல பழைய ஃபைலை அழிச்சும் எடம் கூடலன்னா, அழிச்ச ஃபைலை எஞ்சின்எக்ஸ் இன்னும் தொறந்து வச்சிருக்கு. எல்எஸ்ஓஎஃப் கமாண்ட்ல ப்ளஸ் கேபிடல் எல் 1 போட்டா தெரியும், எஞ்சின்எக்ஸுக்கு ரீஓப்பன் சிக்னல் குடுத்தா எடம் உடனே திரும்பும்.

எப்ப நிறுத்திட்டு ஆளைக் கூப்பிடணும்

நீங்க அப்லோட் பண்ணாத பிஹெச்பி ஃபைலுக்கு போஸ்ட் ரிக்வெஸ்ட் போய் 200 வந்திருக்கா, அட்மின் பேஜுக்கு தெரியாத ஊர்ல இருந்து லாகின் ஆயிருக்கா, நேத்து இருந்த லாக்ல இன்னைக்கு நடுவுல ஒரு மணி நேரம் காணோமா, அதோட கையை எடுத்துடுங்க. ஆக்சஸ் லாக்ல போஸ்ட்ல என்ன அனுப்பினாங்கங்குறது பதிவாகாது, அதனால எவ்ளோ தேடினாலும் முழுக்கதை இதுல கெடைக்காது, ஃபோரன்சிக் தெரிஞ்சவங்க மெமரியையும் டிஸ்க்கையும் பாக்கணும். சர்வரை ரீஸ்டார்ட் பண்ணாதீங்க, எதையும் அழிக்காதீங்க, லாக் ஃபைல் எல்லாத்தையும் வேற மெஷினுக்கு காப்பி பண்ணி செக்சம் (ஃபைல் மாறலன்னு காட்டுற நம்பர்) எடுத்து வைங்க.

இந்தியால சர்வர் நடத்துறவங்களுக்கு இதுல நேரக் கணக்கும் இருக்கு. செர்ட்-இன் (இந்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவுப்படி இந்த மாதிரி சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்கு சொல்லணும், 180 நாள் லாக் கையில இருக்கணும். உபுண்டுல எஞ்சின்எக்ஸ் பேக்கேஜோட வர்ற லாக்ரொட்டேட் செட்டிங் 14 நாள் தான் வச்சிருக்கும். அந்த 14-ஐ இன்னைக்கே மாத்துங்க, இல்லன்னா சுருக்கின ஃபைலை டெய்லி வேற எடத்துக்கு அனுப்ப ஒரு க்ரான் (குறிச்ச நேரத்துக்கு தானா ஓடுற வேலை) போடுங்க.

எலாஸ்டிக்சர்ச் கிளஸ்டர் ரெட்டுன்னு காட்டி, பேக்கப் எங்க இருக்குன்னும் தெரியாத நெலமைலயும் நீங்களா ஷார்டை (பிரிச்சு வச்ச டேட்டா துண்டு) கை வச்சு நகர்த்தாதீங்க, தப்பா ஒரு கமாண்ட் போனா இருக்குற டேட்டாவும் போயிடும். அந்த வேலை தெரிஞ்சவங்க வர்ற வரைக்கும் சர்வர்ல இருக்குற மூல லாக் ஃபைலை ரொட்டேட்ல அழியாம நிறுத்தி வைங்க, கிளஸ்டர் போனாலும் அதை வச்சு திரும்ப ஏத்திக்கலாம்.